தஞ்சைச் சபையின் நான்கு முறையீடுகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

1820களின் பிற்பகுதியில் தஞ்சாவூர்ப் புராட்டஸ்டன்டு சபையின் வேளாளக் கிறிஸ்தவர்கள், புதிதாக வந்த மிஷனரிமார் தங்கள்மேல் நான்கு கொடுமைகளைச் சுமத்துவதாக எழுத்தில் முறையிட்டார்கள். பழகிய வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றப் பார்ப்பது ஒன்று. எல்லாச் சாதியாரையும் ஒன்றாகக் கலக்க வற்புறுத்துவது இரண்டு. கல்யாணத்திலும் சாவிலும் பூவும் அலங்காரமும் கூடாது என்பது மூன்று. தமிழ்க் கீர்த்தனைகளை ஆராதனையிலிருந்து விலக்குவது நான்கு. இவற்றை வகுத்து எழுதியவர், இன்றும் தமிழ்ச் சபைகளெங்கும் பாடப்படுகிற வேதநாயகம் சாஸ்திரியார். (மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையோடு இவரைக் குழப்பிக்கொள்வோர் உண்டு, அவர் கத்தோலிக்கர், இவருக்கு அரை நூற்றாண்டு இளையவர்.)

நான்கையும் இன்று வரிசையாகப் படிக்கிறவருக்கு அவை ஒரே இனத்தவை அல்ல என்பது உடனே தெரியும். மூன்று, பழக்கத்தையும் ரசனையையும் சார்ந்தவை. ஒன்று, சபையில் எவர் எவரோடு சமமாக நிற்கிறார் என்பதைப் பற்றியது. ஆனால் அன்றைக்கு இரு தரப்பாருமே நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டி, முழுவதையும் ஏற்றுக்கொள் அல்லது முழுவதையும் விட்டுவிடு என்று எதிரெதிரே நின்றார்கள். கிறிஸ்தவர்களுக்குள் கருத்து வேறுபாட்டைச் சகித்துக்கொள்வது பற்றிப் பொதுவாகப் பேசும்போது நாம் அன்பு, தாழ்மை, பொறுமை என்ற குணங்களைச் சொல்லி நிறுத்திவிடுகிறோம். தஞ்சை வழக்கில் இரு பக்கத்திலும் பக்தி குறையவில்லை. குறைந்தது மூட்டையை அவிழ்த்துப் பார்க்கும் பொறுமை என்பதே இந்த ஆய்வின் வாதம்.

சபையின் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். 1706இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயர் வந்திறங்கியது முதல், காவிரிக் கழிமுகப் பகுதியின் புராட்டஸ்டன்டு சபைகள் டென்மார்க் அரசரின் ஆதரவிலும், ஜெர்மனியின் ஹாலே நகரத்து லுத்தரன் பக்தி மரபிலும், பின்பு லண்டனிலிருந்த, கிறிஸ்தவ அறிவைப் பரப்பும் எஸ்.பி.சி.கே. சங்கத்தின் பண உதவியிலும் வளர்ந்தன. தஞ்சையில் இச்சபையை நிலைநிறுத்தியவர் 1798 பிப்ரவரியில் அங்கேயே மறைந்த சுவார்ட்ஸ் ஐயர். அவர் காலத்திலும் அதற்கு முன்பும், ஒரே ஆலயத்துக்குள் வேளாளர் ஒரு பக்கமாகவும் பறையர் சமூகத்துக் கிறிஸ்தவர்கள் மறுபக்கமாகவும் உட்கார்ந்தார்கள். அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்துக்கு வேளாளர் முதலிலும் மற்றவர் பின்னரும் வந்தார்கள். வற்புறுத்தாமல் விட்டால் சுவிசேஷத்தின் வேலையால் இது நாளடைவில் கரைந்துவிடும் என்பது பழைய ஜெர்மானிய மிஷனரிமாரின் எண்ணமாக இருந்தது. நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அது கரையவில்லை.

1820களின் நடுவில் இந்தச் சபைகளின் பொறுப்பு எஸ்.பி.சி.கே.யிடமிருந்து இங்கிலாந்துச் சபையான ஆங்கிலிக்கன் திருச்சபையின் எஸ்.பி.ஜி. என்ற மிஷன் சங்கத்துக்கு மாறியது. லுத்தரன் முறையில் வளர்ந்த ஜனங்கள், தங்களைக் கேளாமலே ஆங்கிலிக்கன் சபையாராக ஆனார்கள். அதே காலத்தில் புதிய தலைமுறை மிஷனரிமாரும் வந்திருந்தார்கள். 1814இல் சென்னைக்கும் 1820இல் பாளையங்கோட்டைக்கும் வந்த ரேனியஸ் ஐயர் தம்முடைய மாணவர்கள் சாதி பாராமல் ஒன்றாக உண்ண வேண்டும் என்று விதித்தார். தஞ்சையில் ஹவுப்ரோ ஐயர் அதே கண்டிப்பைச் சபைக்குள் கொண்டுவந்தார். சுவார்ட்ஸின் வளர்ப்பு மகனைப் போன்ற கோலாப் ஐயர், முதியவராக, பழைய வழக்கத்துக்கும் புதிய கட்டளைக்கும் இடையே சிக்கிக்கொண்டார்.

சாஸ்திரியார் 1774இல் பாளையங்கோட்டையில் பிறந்தவர். பன்னிரண்டு வயதளவில் சுவார்ட்ஸ் அவரைத் தஞ்சைக்கு அழைத்துச் சென்று படிக்க வைத்தார். பின்னாளில் மன்னரான இரண்டாம் சரபோஜியும் சுவார்ட்ஸின் பராமரிப்பில் வளர்ந்தவர் என்பதால், இருவரும் உடன் பயின்றவர்கள் என்றே வழங்கப்படுகிறார்கள். தஞ்சை மிஷன் பள்ளியின் தலைமை ஆசிரியராக இருந்த சாஸ்திரியார் 1800இல் பெத்லகேம் குறவஞ்சியை இயற்றினார். நாடகத்துக்கும் ஊர்மேடைக்கும் உரிய ஒரு தமிழ் வடிவத்தை எடுத்துக் கிறிஸ்துவைப் பாட அதைப் பயன்படுத்தினார். பிரகதீஸ்வரர்மேல் பாடும்படி சரபோஜி கேட்டபோது அவர் மறுத்துவிட்டார் என்று தஞ்சைக் கிறிஸ்தவர்களிடையே ஒரு செவிவழிக் கதை உண்டு. கதை எவ்வளவு மெய்யோ, அரசனுக்கு வளையாத மனிதர் என்று சபை அவரை நினைவில் வைத்திருக்கிறது என்பது மெய். அப்படிப்பட்டவரிடம் வந்து உங்கள் பாட்டு அஞ்ஞானிகளுடையது, உங்கள் பூமாலை அஞ்ஞானிகளுடையது என்று சொன்னால் அவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்பதை ஊகிக்கக் கடினமில்லை.

வேதாகம விஷயத்தில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தஞ்சைச் சபையாருக்கு மனப்பாடமாக இருந்தது பதினெட்டாம் நூற்றாண்டில் பப்ரிசியஸ் ஐயர் செய்த மொழிபெயர்ப்பு. ரேனியஸ் அதைவிட எளிய, ஓட்டமான தமிழில் புதிதாக மொழிபெயர்த்தார். இரண்டுக்கும் நியாயம் உண்டு. ஜெபிக்கும்போது வாயில் தானாக வரும் வசனம் மாறிவிட்டால் விசுவாசிக்கு ஏற்படும் இழப்பு சிறியதன்று. படித்துப் பொருள் காண முடியாதவருக்குப் பழைய நடை எழுப்பும் சுவரும் சிறியதன்று. லுத்தரன் சபைகள் பப்ரிசியஸை வெகுகாலம் விடவில்லை. மற்றவர்கள் 1871இன் பவர் மொழிபெயர்ப்புக்குப் போனார்கள். இன்று அந்தப் பவர் மொழிபெயர்ப்பை மாற்றலாமா என்று கேட்டால் அன்று பப்ரிசியஸுக்காக எழுந்த அதே கோபம் எழுகிறது. சபை இதனால் உடைந்துவிடவில்லை. ஒரே ஆராதனைக்கு இரண்டு வேதாகமங்கள் வந்தாலும் வாசிக்கிறவர் ஒன்றை வாசிக்க, மற்றவர்கள் பின்தொடர்ந்துவிடுகிறார்கள்.

பூ விஷயம் அதைவிடச் சிக்கலானது, ஏனெனில் அதில் மிஷனரிமாரின் அச்சத்துக்கு ஓரளவு அடிப்படை இருந்தது. பூ கோயிலில் சாமிக்குச் சாத்தப்படுகிறது. பிரசாதமாகத் தலையில் ஏறுகிறது. மாலை தெய்வத்தின் கழுத்திலிருந்து மனிதன் கழுத்துக்கு இறங்குகிறது. புதிதாகக் கிறிஸ்தவரான ஒருவருக்கு மல்லிகைச் சரம் பழைய வழிபாட்டை நினைவூட்டலாம். ஆனால் மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவராக இருந்த தஞ்சைக் குடும்பத்துக்கு அது மணமகளின் தலையிலிருக்கும் பூ, அவ்வளவுதான். பூவில் தீட்டு இல்லை என்று ஒருவன் அறிந்திருக்கிறான். இன்னொருவன் மனச்சாட்சியில் அது உறுத்துகிறது. பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் பதினான்காம் அதிகாரம் இப்படிப்பட்ட நிலைமைக்காகவே எழுதப்பட்டதுபோல் இருக்கிறது: புசிக்கிறவன் புசியாதவனை அற்பமாக எண்ண வேண்டாம், புசியாதவன் புசிக்கிறவனைக் குற்றவாளியாகத் தீர்க்க வேண்டாம்.

ஹவுப்ரோ தரப்பு குற்றவாளியாகத் தீர்த்தது. சாஸ்திரியார் தரப்பு அற்பமாக எண்ணியது.

கீர்த்தனை விஷயத்தில் மிஷனரிமார் இழந்தது மிகப் பெரிது. அவர்கள் கையில் இருந்தவை ஞானப்பாட்டுகள், அதாவது ஜெர்மன் மெட்டுக்குத் தமிழ் வார்த்தைகளைப் பொருத்தி எழுதியவை. மெட்டு விழும் இடத்தில் தமிழ்ச் சொல்லின் குறிலும் நெடிலும் விழாமல் தடுமாறும் இந்தப் பாட்டுகளைப் பாடியே ஒரு நூற்றாண்டு கடந்திருந்தது. சாஸ்திரியார் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று ராகமும் தாளமும் சேர்த்து எழுதினார். எழுத்தறியாத விவசாயி இரண்டு முறை கேட்டால் பல்லவியைத் திருப்பிப் பாடிவிடுவான். சரணத்தை உபதேசியார் (குருப்பட்டம் பெறாத சபை ஊழியர்) பாட, ஜனங்கள் பல்லவிக்கு வந்து சேர்வார்கள். அந்தப் பாட்டிலேயே வேத வரலாறு முழுவதும் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் இந்த இசை கோயில் நாட்டியத்தோடும் நாடகக் கொட்டகையோடும் ஒட்டியது என்று புதிய மிஷனரிமார் அஞ்சினார்கள். அவர்கள் காதுக்கு அது பக்தியாகக் கேட்கவில்லை. எது பக்தியாகக் கேட்கிறது என்பது வளர்ந்த ஊரைப் பொறுத்தது என்பதை அவர்களில் யாராவது யோசித்திருந்தால், ஹாலேயின் மெட்டும் ஒருகாலத்தில் ஜெர்மன் தெருவில் பாடப்பட்ட மெட்டாக இருந்திருக்கலாம் என்பது தோன்றியிருக்கும்.

இந்த மூன்று விஷயங்களிலும் சாஸ்திரியார் பக்கம் நிற்பது எளிது. நானும் நிற்கிறேன். மீதியுள்ள சாதி விஷயத்தில் நிற்க முடியாது.

சாதியைப் பற்றி சாஸ்திரியார் தரப்பு எழுதியவற்றைக் கவனமாகப் படித்தால், அது முரட்டுத்தனமான வாதம் அல்ல என்பது தெரியும். சாதி உலகாசாரமே தவிர மதாசாரம் அன்று. உடையும் உணவும் உறவுமுறையும் தேசத்துக்குத் தேசம் வேறுபடுவதுபோல் இதுவும் வேறுபடுகிறது. சுவார்ட்ஸ் போன்ற பரிசுத்தவான்கள் இதை அனுமதித்தார்கள். ஒரே ஆலயத்தில், ஒரே கூரையின் கீழ், ஒரே திருவிருந்தில் நாங்கள் கலந்துகொள்ளவில்லையா? ஐரோப்பியரும் தங்கள் நாட்டில் பிரபுவும் வேலைக்காரனும் சேர்ந்து உட்காருவதில்லையே என்ற எதிர்க்கேள்வியும் எழுந்தது. அந்தக் கேள்வி நியாயமானது. அதற்கு மிஷனரிமாரிடம் நல்ல பதில் இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பழையோர் அனுமதித்தார்கள் என்பதும் வரலாற்றுப்படி சரி. ஆனால் அந்த அனுமதியின் விலையை யார் கொடுத்தார்கள் என்ற கேள்வியை முறையீடு எழுப்பவே இல்லை.

அந்த விலையைத் தெரிந்துகொள்ள ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய தஞ்சையைப் பார்த்தால் போதும். இராஜநாயக்கன் என்பவர் பறையர் சமூகத்தைச் சேர்ந்த கத்தோலிக்கர்; தஞ்சை அரசின் படையில் இருந்தவர்; 1720களின் இறுதியில் தரங்கம்பாடி மிஷனோடு சேர்ந்து உபதேசியாரானார். மிஷனரிமார் கால்வைக்க முடியாத தஞ்சை நாட்டுக்குள், அடியும் எதிர்ப்பும் தாங்கிச் சபைகளை உருவாக்கியவர் அவரே. 1733இல் முதல் தமிழ்ப் புராட்டஸ்டன்டு குருவாக வேளாளரான ஆரோன் அபிஷேகம் பெற்றார். 1741இல் இரண்டாவது குருவைத் தேர்ந்தெடுக்கும்போது இராஜநாயக்கனின் பெயர் எண்ணப்பட்டும், பட்டம் தியோகு என்பவருக்குப் போனது. காரணம் மிஷனரிமாரின் அறிக்கையிலேயே இருக்கிறது: இராஜநாயக்கன் கையால் திருவிருந்து கொடுத்தால் உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் அந்தச் சாக்கிரமெந்தை மதிக்க மாட்டார்களோ என்ற அச்சம். அவருடைய உபதேசத்தில் குறை சொல்லப்படவில்லை, நடத்தையிலும் இல்லை. அவர் 1771வரை உபதேசியாராகவே இருந்து இறந்தார். வேளாளரின் மனம் புண்படாதிருக்க மிஷனரிமார் காட்டிய சகிப்புக்கு இராஜநாயக்கனின் குருப்பட்டமே கட்டணமாயிற்று.

பவுலின் இரண்டு நிருபங்களை அருகருகே வைத்துப் படிக்கும் வழக்கம் நம்மிடம் குறைவு. ரோமர் 14இல் உணவைப் பற்றியும் நாட்களைப் பற்றியும் எழுந்த வேறுபாட்டை அவர் தாராளமாக விட்டுவிடுகிறார். அவனவன் தன் மனதில் நிச்சயமாயிருந்தால் போதும் என்கிறார். கலாத்தியர் 2இல் பேச்சு மறுபடியும் உணவைப் பற்றியதே. அந்தியோகியாவில் யூதரல்லாத புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, யாக்கோபினிடத்திலிருந்து சிலர் வந்ததும் பின்வாங்கித் தனியே போய்விட்டார். அங்கே பவுல் விட்டுக்கொடுக்கவில்லை; எல்லாருக்கும் முன்பாக முகமுகமாய் எதிர்த்தார். உணவு என்ற பொருள் மாறவில்லை, பேதுருவின் பக்தியும் குறையவில்லை; பந்தியிலிருந்து ஒரு கூட்டம் விலக்கப்பட்டது என்பதே புதிதாக நேர்ந்தது. காய்கறி மட்டும் உண்பவன் தன் இலையில் எதைப் போட்டுக்கொள்கிறான் என்பது அவன் மனச்சாட்சிக்கு உரியது. பக்கத்து இலையில் யார் உட்காரலாம் என்று தீர்மானிப்பது அவன் மனச்சாட்சிக்கு உரியதன்று. இந்தக் கோட்டை அன்று தஞ்சையில் போட்டிருந்தால் பூவும் கீர்த்தனையும் பப்ரிசியஸும் ஒரு பக்கம் விழுந்திருக்கும். இருக்கையும் பாத்திரமும் பட்டமும் மறுபக்கம் விழுந்திருக்கும்.

சாதியைப் பொறுத்தவரை, தீர்ப்பதற்கு முன் கேட்க முயன்ற ஒருவர் உண்டு. கல்கத்தா ஆயர் ரெஜினால்ட் ஹீபர் 1826 மார்ச்சில் தஞ்சைக்கு வந்தார். உயிர்த்தெழுதல் திருநாளைச் சபையாரோடு ஆசரித்து, தமிழில் ஆசீர்வாதம் சொன்னார். தம் கையால் குருப்பட்டம் பெற்ற தஞ்சைத் தமிழர் கிறிஸ்தியான் தாவீதிடம் முன்பே சாதி பற்றி விசாரித்திருந்தார். மிஷனரிமார் சற்று மிகையான கண்டிப்புக் காட்டுகிறார்களோ என்ற ஐயமும் அவருக்கு இருந்தது. எந்த வழக்கம் மதத்தைச் சேர்ந்தது, எது சமூக மரியாதை மட்டுமே என்று பிரித்தறியக் கேள்விகளை வகுத்து விசாரணைக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தபோது, ஏப்ரல் 3ஆம் தேதி திருச்சிராப்பள்ளியில் குளிக்கப் போன நீர்த்தொட்டியில் மூழ்கி இறந்தார். ஹீபர் உயிரோடிருந்தால் நல்ல முடிவு வந்திருக்கும் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. அவர் விசாரிக்க விரும்பிய கேள்விகள் வழக்கத்தைப் பற்றியவை; வழக்கத்தால் பாதிக்கப்பட்டவரை முதலில் அழைத்துக் கேட்கும் எண்ணம் அந்தக் காலத்தின் எந்த ஆயரிடமும் தெளிவாக இருக்கவில்லை.

அவருக்குப் பின்வந்தவர்களில் ஒருவரான ஆயர் டேனியல் வில்சன் மாறான குணம் உடையவர். 1833 ஜூலை 5ஆம் தேதியிட்ட சுற்றுநிருபத்தில், சாதி வேறுபாடு உறுதியாகவும் உடனடியாகவும் முடிவாகவும் கைவிடப்பட வேண்டும் என்று எழுதினார். நிருபம் சபைகளில் வாசிக்கப்பட்டபோது சென்னை வேப்பேரியிலும் தஞ்சையிலும் நூற்றுக்கணக்கானோர் வெளியேறினார்கள். இணங்காத உபதேசிமாரும் ஆசிரியர்களும் வேலை இழந்தார்கள். சாஸ்திரியார் அதற்கும் முன்னரே, 1829ஐ ஒட்டி, மிஷன் வேலையை இழந்து சரபோஜியின் ஆதரவில் இருந்தார். வில்சன் சொன்னதன் சாரம் சரி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கேட்டவர்கள் காதில் அது தனியாக விழவில்லை. பூவைப் பிடுங்கியவர்கள், பாட்டை நிறுத்தியவர்கள், வேதாகமத்தை மாற்றியவர்கள் அனுப்பிய இன்னொரு கட்டளையாகவே விழுந்தது. மற்ற மூன்றிலும் தமிழர்களை மதித்திருந்தால், சாதிக் கட்டளையை எதிர்த்தவர்களுக்குத் தமிழ் மரபைக் காக்கிறோம் என்ற கவசம் கிடைத்திருக்காது. வேளாளர் எல்லாரும் மனந்திரும்பியிருப்பார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. எதற்காக எதிர்க்கிறோம் என்பதை மறைத்துக்கொள்ள அவர்களுக்கு இடம் இருந்திருக்காது.

வெளியேறியவர்களில் பலர் 1840களில் தரங்கம்பாடிக்கு வந்த லைப்சிக் லுத்தரன் மிஷனில் சேர்ந்தார்கள். பழைய ஹாலே மரபைப் பின்பற்றிய அந்த மிஷன் சாதி விஷயத்தில் மென்மையாக இருந்தது. 1850இல் சென்னை மிஷனரிமார் மாநாடு சாதிக்கு எதிராகத் தீர்மானம் எழுதி, பிறசாதியார் சமைத்ததை உண்பதை அதற்குச் சோதனையாக வைத்தபோது லைப்சிக் மட்டும் ஒதுங்கி நின்றது. இதிலும் ஒரு கோணல் இருக்கிறது. சபையில் சேருபவர் ஒருமுறை பொதுவிருந்தில் கைநனைத்தால் சாதியை விட்டவர் என்று கணக்கு முடிந்துவிடும். அவர் வீட்டுக்குப் போய் யாருக்குப் பெண் கொடுக்கிறார் என்று எந்த மாநாடும் பார்க்கவில்லை.

ரேனியஸின் கதை இந்த வழக்குக்கு ஒரு கிளைக்கதை, ஆனால் விட முடியாதது. சாதி விஷயத்தில் தம் மாணவர்களுக்குத் தளர்வு காட்டாத அவர், தாமே ஆங்கிலிக்கன் சட்டத்துக்கு அடங்காதவர். லுத்தரன் பட்டம் பெற்ற அவர், தம் உபதேசிமாருக்கு ஆயர் கையில்லாமலே குருப்பட்டம் கொடுக்கலாம் என்று கருதினார். ஆங்கிலிக்கன் திருச்சபை முறைகளைக் குறைகூறி எழுதியும் வெளியிட்டார். 1835இல், அவரை அனுப்பிய ஆங்கிலிக்கன் மிஷன் சங்கமான சி.எம்.எஸ். அவரை விலக்கியது. திருநெல்வேலிச் சபைகள் இரண்டாகப் பிளந்து, 1838 ஜூனில் அவர் இறந்த பிறகே மெல்ல ஒன்று சேர்ந்தன. ஆயர் கை வைத்த பட்டம்தான் பட்டமா என்ற அந்தக் கேள்விக்காகச் சபையை உடைத்தார்கள்.

நூற்றுப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அதே கேள்வியை வேறு விதமாகக் கையாள முடிந்தது. 1919இல் தரங்கம்பாடியில் தொடங்கிய ஐக்கியப் பேச்சு, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபையாக (சி.எஸ்.ஐ.) முடிந்தபோது, ஆங்கிலிக்கன்களும் மெத்தடிஸ்டுகளும் பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினரும் ஒரே சபையானார்கள். ஆயர் கையால் பட்டம் பெறாத போதகர்கள் மறுபடி பட்டம் பெறத் தேவையில்லை என்று வைத்தார்கள். முப்பது ஆண்டுகளுக்குப் பின் இந்த ஏற்பாட்டை மறுபடி பார்க்கலாம் என்றும் முடிவு செய்தார்கள். ஒரு சபைக்குப் பழக்கமில்லாததும் அதன் மனச்சாட்சி எதிர்ப்பதுமான ஆராதனை முறையையோ ஊழியத்தையோ அதன்மேல் சுமத்துவதில்லை என்று எழுத்தில் வாக்குக் கொடுக்கப்பட்டது. அதையும் ஏற்க முடியாத நந்தியால் பகுதி ஆங்கிலிக்கன்கள் சேராமல் தனியே நின்றார்கள். கருத்து வேறுபாட்டைச் சகிப்பதற்குத் தெளிவான ஏற்பாடு வேண்டும் என்பதற்கு இந்த வாக்குறுதி நல்ல சான்று. இதன் பலனாகவே ஒரு சபையில் பொதுப் பாத்திரமும் அடுத்த சபையில் சிறு கிண்ணங்களும், ஓரிடத்தில் அச்சிட்ட ஜெபமும் மற்றோரிடத்தில் மனம்திறந்த ஜெபமும் சண்டையின்றி நடக்கின்றன.

கீர்த்தனை அதற்கு வெகு முன்பே வென்றுவிட்டது. மதுரை அமெரிக்கன் மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் ஐயர் முதிய சாஸ்திரியாரிடமே வந்து பாட்டுகளைக் கேட்டுத் தொகுத்து 1853இல் அச்சிட்டார். 1864 ஜனவரியில் சாஸ்திரியார் இறந்தபோது, தஞ்சையில் விலக்கப்பட்ட பாட்டுகள் மற்ற மிஷன்களின் ஆலயங்களில் ஒலித்துக்கொண்டிருந்தன. இன்று மேலை மெட்டில் அமைந்த பாமாலையும் கீர்த்தனையும் ஒரே ஆராதனையில் மாறிமாறி வருகின்றன. கிட்டாரும் டிரம்ஸும் கூடாது, கீர்த்தனைதான் பக்திக்கு உரியது என்று வாதிடுகிறவர்கள் தாங்கள் ஹவுப்ரோவின் இடத்தில் உட்கார்ந்திருப்பதை அறிவதில்லை.

பூ இன்னும் முடியவில்லை. சி.எஸ்.ஐ. வீட்டுப் பிள்ளைக்குப் பெந்தெகொஸ்தே வீட்டுப் பெண்ணை நிச்சயம் செய்யும் நாளில் நடக்கும் பேச்சைக் கேட்டவர்களுக்கு இது தெரியும். “மாலை இல்லாமல் என்ன கல்யாணம், சம்பந்தி?” என்று மாப்பிள்ளையின் தகப்பனார் கேட்பார். “நகையும் பூவும் எங்களுக்கு வழக்கமில்லை, அண்ணாச்சி, பாஸ்டர் ஆராதனையில் ஒத்துக்கொள்ள மாட்டார்” என்று பெண்ணின் தகப்பனார் சொல்வார். அரை மணி நேரம் கழித்து, ஆலயத்தில் மாலை வேண்டாம், மண்டபத்தில் மாப்பிள்ளை மட்டும் போட்டுக்கொள்ளட்டும், தாலிக்குப் பதில் மோதிரமோ வேதாகமமோ மாற்றிக்கொள்ளலாம் என்று ஏதோ ஒன்றில் உடன்பாடு வந்து காபி வரும். ரோமர் 14 இப்படி நம் கூடங்களில் பெரிய சிரமமின்றி நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் அந்தக் கூடத்துக்கு இரண்டு குடும்பங்களும் வந்து சேர்ந்ததற்கு முன்பே ஒரு கேள்வி கேட்டு முடிந்திருக்கும். மணமகள் தேவை விளம்பரங்களில் சபைப் பெயரும் சாதிப் பெயரும் ஒட்டியே அச்சாகின்றன. சபை மாறினாலும் பாதகமில்லை என்று எழுதுகிறவர்கள் உண்டு, சாதி மாறினாலும் பாதகமில்லை என்று எழுதுகிறவர்கள் அரிது. கத்தோலிக்கர் பக்கமும் இதே கதைதான். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் சாதி பிரித்துக் கட்டிய சுவர் அதற்குச் சாட்சி.

ஆகவே, இன்று சேகரக் குழுவிலும் ஆயர் அலுவலகத்திலும் இப்படிப்பட்ட வழக்குகளைக் கையாளுகிறவர்கள் 1947இன் வாக்குறுதியை எந்தப் பக்கத்திலிருந்து படிக்கிறார்கள் என்பது முக்கியமாகிறது. பழக்கமில்லாததைச் சுமத்துவதில்லை என்ற வார்த்தை, ஆராதனை முறையை மாற்ற விரும்பாத சபைக்குக் கிடைத்த பாதுகாப்பு. தன் சாதியைச் சேராத போதகரை ஏற்க மனமில்லாத சபை அதன் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. போதகர் இடமாற்ற நாட்களில் “இந்த ஐயர் எங்களுக்கு ஒத்துவர மாட்டார்” என்று வரும் மனுக்களில் காரணம் எழுதப்பட்டிருப்பதில்லை. இராஜநாயக்கன் விஷயத்திலாவது மிஷனரிமார் காரணத்தை மறைக்காமல் எழுதிவைத்தார்கள். மனு கொடுப்பவர்களிடம் காரணத்தையும் எழுதி ஒவ்வொருவராகக் கையொப்பமிடச் சொல்வதும், அந்தத் தாளை அந்தப் போதகருக்கும் காட்டி அவர் சொல்வதைக் கேட்பதும், முடிவெடுப்பதற்கு முன் அலுவலகம் செய்ய வேண்டிய முதல் வேலைகள்.